முதலில் நிற்க வேண்டும்

மலைப்பாதையில் இறங்கிய வண்டிக்குத் திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். உச்சியில் புறப்படும்போது பிரேக் சரியாகத்தான் இருந்திருக்கும். முதல் சில வளைவுகளில் மிதித்த இடத்தில் வண்டி கட்டுப்பட்டிருக்கும். பாதி வழியில் கருகல் வாடை வரும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. ஆனால் எப்படியோ ஓரங்கட்டி, நன்றாக ஆறவிட்டுப் பார்த்தால் பல நேரங்களில் அதே பிரேக் மறுபடியும் பிடிக்கிறது. எதுவும் உடையவில்லை, கழன்று விழவில்லை. அப்படியானால் நடுவில் பிரேக்குக்கு என்ன நேர்ந்தது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற மலை உண்டு. உயரம் 4,302 மீட்டர். உச்சி வரை சாலை போகிறது. நீளம் சுமார் 31 கிலோமீட்டர். இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் வண்டிகளை நிறுத்தி, ஊழியர்கள் பிரேக்கின் சூட்டை அளந்து பார்க்கிறார்கள். அளவு மீறியிருந்தால் ஆறும்வரை நின்றுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பிரேக் தேய்ந்திருக்கிறதா, ஆயில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. எவ்வளவு சூடு என்பது ஒன்றுதான் கேள்வி. புதிருக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

அந்த விடையைப் புரிந்துகொள்ள இந்த அத்தியாயத்தில் பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1967 முதல் 1970 வரை வந்த செவர்லே சி-10. இதை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பிரித்து, துரு நீக்கி, புது உயிர் கொடுப்பது அமெரிக்காவில் பல வீடுகளில் நடக்கும் வேலை. பெரும்பாலோர் மனம் முதலில் பெயின்டுக்கும் இன்ஜினுக்கும் போகும். முதலில் தொட வேண்டியது பிரேக் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

ஓட்டம் சூடாகிறது

ஓடும் வண்டியிடம் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அதை இயக்க ஆற்றல் என்கிறோம். வண்டி நிற்கும்போது அது மறைந்துவிடுவதில்லை. வேறு வடிவத்துக்குப் போயாக வேண்டும். பிரேக் அதைச் சூடாக மாற்றுகிறது. பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று நினைக்கிறோம். உண்மையில் அது சூடு உண்டாக்கி, அந்தச் சூட்டைக் காற்றில் விடும் கருவி. நிற்பது அதன் விளைவு.

எவ்வளவு சூடு? ஓட்டுநரும் கொஞ்சம் சரக்கும் சேர்ந்து நம் பிக்கப்பின் எடை 2,000 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதை நிறுத்தும்போது உண்டாகும் சூட்டை வைத்து, குழாயில் பிடித்த இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இத்தனையும் நான்கைந்து நொடிகளில், நான்கு சக்கரங்களுக்குள்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டியை 120-இல் ஓட்டினால், வேகம் கூடியது 20 சதவீதம். பிரேக் தாங்க வேண்டிய சூடு கூடியது 44 சதவீதம். பழைய பிக்கப்பில் புது இன்ஜின் வைக்கிறவர் தன்னை அறியாமலே பிரேக்கின் வேலையைக் கூட்டிவிடுகிறார்.

இப்போது மலைக்கு வருவோம். பைக்ஸ் பீக் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 2,000 மீட்டர் இறக்கம். இன்ஜினின் உதவியே இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50 தடவை நிறுத்திய அளவு சூடு பிரேக்கில் இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்து, சூட்டில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது.

டிரம்முக்குள் நடப்பது

சி-10 முதலில் வந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம்தான் டிரம். அதன் உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதித்தால் அவை வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசும்.

டிரம்முக்கு நல்ல குணம் ஒன்று உண்டு. ஷூ சுவரைத் தொட்டதும், சுழலும் டிரம் அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. அந்த இழுப்பே ஷூவை இன்னும் ஆழமாக அழுத்துகிறது. இதைத் தன்னிறுக்கம் என்று சொல்லலாம். கால் கொடுத்த அழுத்தத்தை டிரம் தானே பெருக்கிக்கொள்வதால், மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் இல்லாமலே கனத்த வண்டியை நிறுத்த முடிந்தது.

அதே குணம்தான் அதன் பலவீனமும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும், உரசும் லைனிங்கின் பிடிப்பு கொஞ்சம் குறைந்தால் தன்னிறுக்கமும் சேர்ந்து குறையும், நஷ்டமும் பெருகும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடேறும்போது அதைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது. கருகல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. அந்த வாயு லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்க, பிடிப்பு குறைகிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படிக் குறைந்தால் மிதிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்தவுடன் டிரம் பிரேக் பிடிக்காமல் போவதற்கும், பக்கவாட்டில் இழுப்பதற்கும் காரணம் இதே பெருக்கம்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. சி-10-இன் முன் டிரம்மின் விட்டம் சுமார் 28 சென்டிமீட்டர். அது 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பெருக்கும். அதாவது சுவர் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் ஷூவை விட்டு விலகிப் போகும். சாதாரணமாக ஷூவுக்கும் சுவருக்கும் இருக்கும் இடைவெளியே அதைவிடக் குறைவு. ஆகவே ஷூ முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் நகர்ந்தால்தான் சுவரைத் தொடும். பெடல் உள்ளே போவது இதனால்தான். ஆறினால் டிரம் சுருங்கிப் பழைய அளவுக்கு வருகிறது. லைனிங்கின் பிடிப்பும் திரும்புகிறது. சூட்டால் வரும் இந்தக் குறைபாட்டுக்குப் பிரேக் தளர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

டிஸ்க் செய்வது வேறு

டிரம் பிரேக்கை 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ உருவாக்கினார். அதே 1902-இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிரம் முதலில் பரவியது. டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. செவர்லே இலகுரக பிக்கப்களில் 1971 மாடலிலிருந்து முன்சக்கர டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமாகவே வந்தது.

டிஸ்க் பிரேக்கில் சுழலும் தட்டு வெளியே திறந்து கிடக்கிறது. கேலிப்பர் என்ற பிடி அதன் இரு பக்கமும் பேடுகளை வைத்து அழுத்துகிறது. ஒரு டிஸ்க்கில் 10 கிலோ இரும்பு சூட்டை வாங்குகிறது என்றும், மொத்தச் சூட்டில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் ஒவ்வொரு முன் டிஸ்க்கின் சூடும் சுமார் 60 டிகிரி ஏறும். ஒரு தடவைக்கு டிரம்மும் இதே போலத் தாங்கிவிடும். வித்தியாசம் அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான் தெரியும். டிரம்மில் உரசும் பரப்பு உள்ளே மூடிக் கிடப்பதால் சூடு இரும்பின் கனத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். டிஸ்க்கில் உரசும் பரப்பின் மேலேயே காற்று படுகிறது. போதாததற்கு, தட்டின் நடுவில் பள்ளங்கள் விட்டு வார்த்திருப்பதால், சுழலும்போது அது மையத்திலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

சூடேறினால் டிஸ்க்கும் பெருக்கத்தான் செய்யும். ஆனால் தடிமன் கூடி அது பேடை நோக்கி வருகிறது, விலகிப் போவதில்லை. தன்னிறுக்கமும் இதில் கிடையாது. ஆகவே பிடிப்பு குறைந்தாலும் குறைந்த அளவே குறையும். பல மடங்காகப் பெருகாது. கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்ற பிடிப்பு என்பதே டிஸ்க்கின் நேர்மை. அந்த அழுத்தத்தை முழுவதும் நாமே கொடுக்க வேண்டும் என்பதுதான் அதற்கு விலை.

காலின் 30 கிலோ எங்கே போகிறது?

அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பூஸ்டர் இல்லாத பிரேக் பெடலை 30 கிலோ விசையால் மிதிக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல். 6 மடங்கு பெருக்கித் தருவதாக வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்வது 180 கிலோ. அந்தப் பிஸ்டனின் விட்டம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அது பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அடைத்து வைத்த நீர்மத்தின் மேல் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்பது பாஸ்கல் விதி. மறுமுனையில் கேலிப்பர் பிஸ்டனின் விட்டம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். அதன் பரப்பு எட்டரை மடங்குக்குச் சற்றே அதிகம். ஆகவே பேடுகளை நெருக்கும் விசை ஏறத்தாழ 1,550 கிலோ. முப்பது கிலோவில் தொடங்கியது ஒன்றரை டன்னாகிவிட்டது.

இயற்கை இதை இலவசமாகத் தருவதில்லை. விசை கூடினால் நகரும் தூரம் குறையும். பெடல் 10 சென்டிமீட்டர் இறங்கினால், இரண்டு முன்சக்கரப் பிஸ்டன்களும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே நகர்கின்றன. எனவே பேடு எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே நிற்க வேண்டும். கேலிப்பர் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் இதைச் செய்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து வளையும். காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை தூரம் மட்டும் பின்னுக்கு இழுக்கும்.

அந்த 10 சென்டிமீட்டர் மிதியில் மாஸ்டர் சிலிண்டர் முன்சக்கரங்களுக்குத் தள்ளும் ஆயில் எட்டரை கன சென்டிமீட்டர்தான். குழாயில் 2 கன சென்டிமீட்டர் காற்று மாட்டிக்கொண்டால், பெடல் ஓட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். வேலை முடிந்ததும் மெக்கானிக்குகள் பொறுமையாக ஏர் எடுப்பது இதனால்தான். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, கடைசியாக அருகிலுள்ள முன்சக்கரத்துக்கு வருவார்கள்.

கொட்டகையில் மாற்றும்போது

முன்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் வைப்பது சி-10 வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் மாற்றம். 1971-க்குப் பிந்தைய வண்டிகளின் பாகங்களையே பலர் பயன்படுத்துகிறார்கள். வண்டியைக் கெட்டியான தரையில் ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை ஊதவோ தட்டவோ கூடாது. முகக்கவசம் அணிந்து, ஈரமாக்கித் துடைத்தெடுக்க வேண்டும். நுரையீரலுக்குள் போன ஆஸ்பெஸ்டாஸ் நார்கள் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும்.

சக்கர போல்ட்டுகளைக் கவனிக்க வேண்டும். 1970 வரை வந்த சி-10-இல் சக்கரத்துக்கு ஆறு போல்ட்; 1971-இலிருந்து ஐந்து. புதிய பாகத்தை அப்படியே பொருத்தினால் முன்னால் ஐந்தும் பின்னால் ஆறுமாகி, ஒரே ஸ்டெப்னி எல்லாச் சக்கரத்துக்கும் உதவாது. ஆறு போல்ட் துளையிட்ட டிஸ்க்கை வாங்க வேண்டும், அல்லது பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியாக வேண்டும். டிரம் பிரேக்குக்கான அமைப்பில், காலை எடுத்த பிறகும் குழாயில் சிறிது அழுத்தம் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்கள் சுவரோடு ஒட்டி நிற்க அந்த அழுத்தம் உதவும். அதே வால்வு டிஸ்க்குக்குப் போகும் வழியில் இருந்தால், பேடுகள் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் மிதிக்காமலே பிரேக் சூடேறும். டிஸ்க் பேடு தேயத் தேயக் கேலிப்பருக்குள் கூடுதல் ஆயில் இறங்குவதால், முன்சக்கரத்துக்கான ஆயில் தொட்டியும் பெரிதாக இருக்க வேண்டும்.

பிக்கப்புக்கே உரிய சிக்கல் பின்னால் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. பின்தட்டு காலியாக இருந்தால் பின்சக்கரம் தரையை அழுத்தும் விசை மிகவும் குறைந்துவிடும். முன்னால் டிஸ்க்குக்கு வேண்டிய பெரிய அழுத்தம் அப்படியே பின் டிரம்முக்கும் போனால், பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். இதைத் தடுக்கக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பின்பக்க அழுத்தம் முன்பக்கத்தைப் போல ஏறாமல் மட்டுப்படுத்தும் வால்வு இருக்கிறது. இதைப் பங்கீட்டு வால்வு எனலாம். டிஸ்க் வாங்கப் பணம் சேர்த்தவர்கள் இந்தச் சிறிய பாகத்தை விட்டுவிடக் கூடாது.

ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். மிதித்தால் ஆயில் போகும், திரும்பி வராது. ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் துரு குழிவிழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புது இன்ஜினும் பூஸ்டரும்

டிஸ்க்குக்கு வேண்டிய கூடுதல் விசையைப் பூஸ்டர் கொடுக்கிறது. வட்டமான டப்பா, உள்ளே நெகிழும் திரை. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவாக இருக்கும். அந்தக் குறைவு குழாய் வழியே டப்பாவுக்குள் வருகிறது. மிதிக்கும்போது திரையின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளுகிறது. 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரையில் காற்றழுத்தத்தின் ஐந்தில் மூன்று பங்கு செயல்பட்டால், 250 கிலோ அளவுக்கு உதவி கிடைக்கும்.

1960-களின் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, 5.3 லிட்டர் எல்எஸ் வகை வி-8 வைப்பது இன்று பலர் விரும்பும் மாற்றம். அதோடு நின்றால் பூஸ்டருக்குக் குறை வராது. மேலும் வேகம் வேண்டும் என்று பந்தய வகைக் கேம்ஷாஃப்ட் போடும்போதுதான் சிக்கல். அதில் வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருப்பதால், ஐடிலில் இன்ஜினின் உறிஞ்சும் வலு குறைந்துவிடும். பூஸ்டர் சோர்ந்து, பெடல் கல்லாகும். இன்ஜினின் திறன் கூடிய அதே நாளில் பிரேக் பலவீனமாகியிருக்கும். தனி வெற்றிட பம்ப் வைப்பதும், பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டருக்கு மாறுவதும் இதற்கான தீர்வுகள்.

ஆயிலில் கலந்த தண்ணீர்

டிஸ்க் வைத்த பிறகும் மலை இறக்கத்தில் பெடல் தரைவரை போகலாம். அப்போது குற்றவாளி பிரேக் ஆயில். வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4-க்கு இவை 230, 155.

சூடான கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஒரு துளித் தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். நாம் போட்ட கணக்கில் ஒரு மிதிக்குக் கிடைத்தது எட்டரை கன சென்டிமீட்டர். அத்தனையையும் அந்த ஆவி விழுங்கிவிடும். பெடல் பஞ்சுபோல் இறங்கும். ஆறினால் ஆவி மறுபடி நீராகி, எதுவுமே நடக்காததுபோல் பெடல் திரும்பும். பிரேக் தளர்ச்சியும் இந்த ஆவியடைப்பும் சேர்ந்ததுதான் நாம் தொடங்கிய புதிரின் முழு விடை.

சாலைக்கு முன்

எல்லாம் பொருத்தி, ஏர் எடுத்து முடித்ததும் இன்ஜினை நிறுத்தி வைத்துப் பெடலைச் சில தடவை மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். பெடல் சற்றே தானாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது, வண்டியை நகர்த்தாதீர்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில் இருக்கட்டும். புதுப் பேடுகளும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, மிதமான வேகத்திலிருந்து பல தடவை இதமாக வேகத்தைக் குறைத்து, நடுநடுவே ஆறவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யும் வேலைக்குத் தனிப் பெருமை உண்டு. ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும். ஆனால் துருவிலும் பெயின்டிலும் தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம். பிரேக்கில் செய்த தவறுக்குச் சாலையில் போகும் முன்பின் தெரியாதவர்களும் விலை கொடுக்க நேரும். ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கைப் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். முடித்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்த இன்ஜின் வேண்டுமானாலும் வையுங்கள்.